எல்லாத்துக்கும் மன்னிப்பு

நல்லசாமிக்கு என்கொயரி என்றால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. மெமோ வாங்கிய ஆள் சோறு தண்ணி இறங்காமல் மூலையில் சுருண்டு கிடப்பான். இவர் சட்டையை அயர்ன் பண்ணி, நெற்றிக்கு விபூதி இட்டு, லேசாகப் பவுடரும் போட்டுக்கொண்டு கிளம்புவார். டியூட்டியில் தூங்கிவிட்டான், ஹெல்மெட் போடவில்லை, லீவு சொல்லாமல் மாமனார் ஊருக்குப் போய்விட்டான் என்று சுரங்கத்தில் யாருக்கு எதற்காக மெமோ வந்தாலும் விசாரணைக்குத் துணையாக ஓர் ஆளைக் கூட்டிப்போகலாம். அந்த ஆள் பெரும்பாலும் நல்லசாமியாகத்தான் இருப்பார். யூனியனில் பதவி கிதவி ஒன்றும் கிடையாது. கைராசிக்காரர் என்று ஒரு பேர், அவ்வளவுதான். இவர் துணைக்குப் போய் இதுவரை ஒருத்தனுக்கும் வேலை போனதில்லை.

வித்தை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளே போ. அதிகாரி வாயைத் திறப்பதற்குள், "தப்பு நடந்துபோச்சி சார், மன்னிச்சிடுங்க, இனிமே நடக்காது" என்று சொல்லிவிடு. செய்தாயா செய்யவில்லையா என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?

"அவரும் மனுசன்தானய்யா. ஃபைல மூடணும்னுதான் உக்காந்துகினு இருக்காரு" என்பார் நல்லசாமி. "நீ நியாயம் பேசினா அவரு பதிலுக்குச் சட்டம் பேசணும். நீ மன்னிப்பு கேட்டுட்டின்னா, எச்சரிக்கைன்னு ஒரு வரி எழுதிட்டு அவரும் டீ குடிக்கப் போவாரு, நீயும் டீ குடிக்கப் போவ."

கன்வேயர் பெல்ட் கிழிந்த அன்று வேலுமணி என்கிறவர் லீவில் இருந்தார். பேர் மாறி அவருக்கு மெமோ வந்துவிட்டது. அவரையும் மன்னிப்புக் கேட்கவைத்தே வெளியே கூட்டிவந்தவர் நல்லசாமி. "நான் ஊருலயே இல்லியேப்பா, நான் ஊருலயே இல்லியே" என்று வேலுமணி கேட் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். வேலைதான் இருக்கிறதே, அப்புறம் என்ன புலம்பல் என்று நல்லசாமிக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் கூடப்பிறந்த தம்பியைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்தினார்.

தம்பி பேர் நிலவன். அண்ணனுக்கும் அவனுக்கும் வயசு வித்தியாசம் அதிகம். சுரங்கத்துக்கு இவர்கள் நிலம் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று கிடைத்தது. அப்போது நிலவன் மூக்கு ஒழுகிக்கொண்டு டிராயரோடு திரிந்தவன். வேலை அண்ணனுக்குப் போனது. பர்மனென்ட், பதினாறாம் பிளாக்கில் குவாட்டர்ஸ், வருஷா வருஷம் போனஸ், எல்லாம் அமைந்துவிட்டது. தம்பி முத்தாண்டிக்குப்பத்தில் அப்பா அம்மாவோடு வளர்ந்து, அவர்கள் போய்ச்சேர்ந்த பிறகு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிக்கொண்டிருந்தான். இதற்காக ஒரு நாளும் அவன் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் நல்லசாமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தீபாவளிக்கு வந்து அண்ணி கையால் சாப்பிட்டு, பிள்ளைகளோடு விளையாடி, சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துத் திரும்பிப் போவான். அன்றைக்கெல்லாம் அண்ணனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ அடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் அவனிடம் ஓர் இடது கை இருந்தது. ஓடிவந்து அந்தக் கையால் பந்தை விட்டான் என்றால் மட்டையைக் கடந்து போன பிறகுதான் அடிக்கிறவனுக்குப் பந்து வந்ததே தெரியும். கெடிலம் பிரீமியர் லீக் என்று மாவட்டத்தில் ஒன்று ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஒரு டீம், டீமுக்கு ஒரு முதலாளி, யூடியூபில் நேரலை, நகைக்கடை விளம்பரம், ஆட்டம் பாட்டம். நிலவனை நெய்வேலி டைனமோஸ் எடுத்தது. முதல் வருஷமே பேர் வாங்கிவிட்டான். அந்தச் சமயத்தில்தான் சுரங்கத்தில் விளையாட்டு கோட்டாவில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. எடுத்தால் பர்மனென்ட். நிலவனுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. கிரிக்கெட் சங்கம் தருகிற நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று வேண்டும், மற்றதை அவன் கை பார்த்துக்கொள்ளும்.

"இது மட்டும் நடந்துட்டா எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று நல்லசாமி கனகத்திடம் சொன்னார். கனகம் அவர் சம்சாரம். அவளுக்கும் அதே வேண்டுதல்தான்.

நெல்லிக்குப்பத்து டீமோடு நடந்த ஆட்டத்தில் வந்தது வினை. நிலவன் ஒரே ஓவரில் ரெண்டு நோ-பால் போட்டான். சும்மா நூலிழை தாண்டியது இல்லை. கோட்டுக்கு முழுசாக ரெண்டடி வெளியே கால் விழுந்தது. மறுநாள் காலையில் எல்லோர் போனிலும் ஒரு குரல்பதிவு சுற்றியது. யாரோ ஒருத்தன் யாருக்கோ சொல்கிறான்: இத்தனாவது ஓவர், லெஃப்ட்டு போடுவான், ரெண்டு நோ-பால் வரும், பணத்தக் கட்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே பேசியது. நகைக்கடைக்காரர் விளம்பரத்தை எடுத்துவிடுவேன் என்று குதித்தார். இறுதி ஆட்டம் அந்த வாரக் கடைசியில். சங்கம் பதறிப்போனது.

அன்று சாயங்காலம் நிலவன் குவாட்டர்ஸுக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என் மார்க்கை நகத்திட்டாங்கண்ணா" என்றான்.

ஓடிவரத் தொடங்குகிற இடத்தில் பந்து போடுகிறவன் ஒரு வெள்ளைத் தட்டை அடையாளத்துக்கு வைத்திருப்பான். கண்ணை மூடிக்கொண்டுகூட அங்கிருந்து ஓடிவருவான், கால் சரியாகக் கோட்டில் விழும். அந்த ஓவருக்கு முன்னால் கேப்டன் அசோக்குமார் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று இவனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். 'கால் பட்டுடுச்சிடா, திருப்பி வெச்சிட்டேன்' என்றும் சொல்லியிருக்கிறான். முதல் நோ-பால் ஆனபோது நிலவன் தன் கால்தான் பிசகிவிட்டது என்று நினைத்தான். ரெண்டாவதும் ஆன பிறகுதான் சந்தேகப்பட்டு அளந்து பார்த்தான். தட்டு ரெண்டடி முன்னால் வந்திருந்தது.

"காமிராவுல இருக்குமேடா" என்றார் நல்லசாமி.

"காமிரா ரெண்டுதாண்ணா. ரெண்டும் பிட்ச்ச பாத்துக்கினு இருந்துச்சி."

அசோக்குமார் யார்? சங்கத்துத் துணைத்தலைவரின் மருமகன். நல்லசாமி கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை ஆர்ச் கேட் பக்கத்து ஓட்டலில் விசாரணை, துணைக்கு ஒருத்தர் வரலாம் என்று நிலவன் சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. என்கொயரிதானே. அவருக்குத் தெரியாத என்கொயரியா?

"அந்த மருமகன் பேர மட்டும் நீ எடுக்கக் கூடாது" என்றார். "எடுத்தியோ, தொலைஞ்சோம். சாட்சி எங்கன்னு கேப்பான். உன்கிட்ட என்னா இருக்குது? ஒண்ணும் இல்ல. பெரிய எடத்து ஆளு மேல பழி போட்டான்னு அதுக்கு வேற தனியா ஒரு கேஸு வரும். போனதும் மொதல்ல மன்னிப்பு கேட்டுடு."

"நான் ஒண்ணும் செய்யலியேண்ணா. எதுக்கு மன்னிப்பு?"

"செஞ்சேன்னு யார்ரா சொல்லச் சொன்னா? தப்பு நடந்துபோச்சின்னு சொல்லு. கோட்ட தாண்டி கால் விழுந்துச்சா இல்லியா? அது தப்புதான? அதுக்கு மன்னிப்பு கேளு. மேல இருக்கறவன் மனசு குளுந்துடும். ஒரு வார்னிங்கோட வுட்டுடுவான். சர்ட்டிபிகேட் கைக்கு வரட்டும், அப்புறம் வெச்சிக்கலாம் அந்த அசோக்குமார."

கனகம் சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். "இந்தாங்க, அது கம்பெனி. ஆபீசருக்கு நம்மள ஒரு முப்பது வருசம் வேலை வாங்கணும், அதனால மன்னிச்சி வுடறாரு. இவங்களுக்குத் தம்பிய வெச்சி என்னா ஆகணும்? வக்கீல் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கினு போங்களேன்."

"வக்கீலக் கூட்டிக்கினு போனா விவகாரம் பண்ண வந்திருக்கான்னு நெனைப்பாங்க. நீ போய் அடுப்பப் பாரு" என்று எரிந்து விழுந்தார் நல்லசாமி. நல்ல புத்தி சொன்னவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

நிலவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் சொல்லித் தப்பாகப் போனதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. சரி என்றான்.

ஓட்டலில் ஏ.சி. அறை. தரையில் கம்பளம். மேசைக்கு அந்தப் பக்கம் சிவசங்கர் என்பவர் உட்கார்ந்திருந்தார். போலீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் ஊழல் தடுப்புக்கு அவர்தான் பொறுப்பு. பக்கத்தில் லேப்டாப்போடு பவித்ரா என்று ஒரு பெண். ஏதாவது ஒரு அமைப்புக்குப் பேர் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்து தருகிற கம்பெனியில் வேலை என்றும், சென்னையிலிருந்து நேற்றுதான் வந்ததாகவும் அவளே சொன்னாள். இப்படியெல்லாம்கூட ஒரு வேலை இருக்கிறதா என்று நல்லசாமி ஆச்சரியப்பட்டார். மரியாதையான பெண். அவளே எழுந்து வந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். மூலையில் முக்காலி மேல் ஒரு காமிரா நின்றது.

"பதிவுக்காகத்தான் சார். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"தாராளமா எடுங்க மேடம்" என்றார் நல்லசாமி. எழுதி எடுத்துக்கொள்கிற குமாஸ்தாவுக்குப் பதிலாகக் காமிரா என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார். ஐயோ பாவம்.

சிவசங்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் நிலவன் எழுந்து நின்றுவிட்டான்.

"தப்பு நடந்துபோச்சி சார். மன்னிச்சிடுங்க. இனிமே நடக்காது."

சிவசங்கர் இதை எதிர்பார்க்கவில்லை. நாள் முழுக்கக் கேட்பதற்குக் கேள்விகளோடு வந்திருந்த மனுஷன். பவித்ராவின் விரல்கள் லேப்டாப் மேல் அப்படியே நின்றுவிட்டன.

"எதுக்குப்பா மன்னிப்பு கேக்கறே?" என்றார் சிவசங்கர்.

"அந்த நோ-பாலுக்கு சார்."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்குந்தான் சார்."

"யாராவது சொல்லிப் போட்டியா?"

நிலவன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "சார், என் மார்க்கு..." என்று ஆரம்பித்தான். நல்லசாமி மேசைக்கு அடியில் அவன் காலை அழுத்தி மிதித்தார். கையைக் கூப்பிக்கொண்டு தானே எழுந்தார்.

"சார், குறுக்க பேசறேன்னு நெனைக்கக் கூடாது. பையன் யாரையும் கை காட்ட விரும்பலை. எல்லாத்துக்கும் சேத்து மன்னிப்பு கேட்டுக்கறான். நீங்க பெரிய மனசு பண்ணி முடிச்சி வுடணும்."

"எல்லாத்துக்குமா சார்?" பவித்ரா அப்போதுதான் முதல்முறையாகக் கேள்வி கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் மேடம்."

"நிலவன், நீங்களும் ஒரு தடவை சொல்லிடுங்களேன். காமிராவைப் பார்த்து."

"எல்லாத்துக்கும் மன்னிச்சிடுங்க" என்றான் நிலவன்.

சிவசங்கர் ஃபைலை மூடினார். இருவருக்கும் கை கொடுத்தார். ஒத்துழைத்ததற்கு நன்றி என்றார். காபி ஆறுவதற்குள் என்கொயரி முடிந்துவிட்டது. நல்லசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மெயின் பஜாரில் வண்டியை நிறுத்தித் தம்பிக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். "ஃபைல மூடினாரு பாத்தியா? அதான் அடையாளம்" என்றார். நிலவன் பாதி குடித்துவிட்டுப் போதும் என்று வைத்துவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் செய்தி வந்தது. சூதாட்டத்தை ஒப்புக்கொண்டார் நெய்வேலி வீரர். வீடியோவில் நிலவன் மட்டும்தான் இருந்தான். அண்ணன் பேசியது இல்லை, மேசைக்கு அடியில் மிதித்தது இல்லை, "என் மார்க்கு" என்று அவன் ஆரம்பித்ததும் இல்லை. தப்பு நடந்துபோச்சி சார். ரெண்டுக்குந்தான் சார். எல்லாத்துக்கும் மன்னிச்சிடுங்க. மொத்தமே மூன்று வாக்கியம், பின்னால் சோகமாக ஒரு இசை. அடியில் சங்கத் தலைவரின் அறிக்கை: ஒரு தனி நபரின் பேராசை விளையாட்டின் புனிதத்தைக் கெடுக்க அனுமதியோம், உடனடி விசாரணை, உடனடி நடவடிக்கை, நிலவனுக்கு ஆயுள்காலத் தடை. பேராசையாம். கரி வாருகிறவனுக்குப் பேராசை.

நகைக்கடைக்காரர் சமாதானமாகிவிட்டார். இவ்வளவு வேகமாக நடவடிக்கை எடுத்த சங்கம் மாநிலத்திலேயே கிடையாது என்று பத்திரிகைகள் எழுதின. நல்லசாமி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கனகம் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். 'நான் சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை, இவருக்கு அதுதான் தாங்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று நல்லசாமி மைதானத்துக்குப் போனார். ஆட்டத்துக்கு முன்னால் ரெண்டு டீமும் வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்து நேர்மை உறுதிமொழி எடுத்தார்கள். மைக்கைப் பிடித்து உறுதிமொழியை வாசித்தவன் அசோக்குமார். குரல் கணீரென்று இருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். நல்லசாமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பந்தலுக்குப் பின்னால் போய்ப் பவித்ராவைத் தேடிப் பிடித்தார்.

"மேடம், நான்தான் சொல்லச் சொன்னேன். அவன் ஒண்ணும் செய்யல. எங்க பக்கத்துல அப்பிடித்தான், மொதல்ல மன்னிப்பு கேட்டுடுவோம். செய்யாதவனும் கேப்பான். அது ஒரு பேச்சு மேடம். அந்தத் தட்ட நகத்தினது அதோ நிக்கறானே, அவன். இப்பவே காமிராவ எடுங்க, நான் சொல்றேன்."

பவித்ரா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். அவள் நம்பினாள். நம்பினாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, தட்டை நகர்த்தினதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"நீங்க இப்ப சொன்னதை நான் வெளியிட்டா என்ன சொல்லுவாங்க? மாட்டிக்கிட்டதும் அண்ணன் வந்து கதை மாத்தறாருன்னு சொல்லுவாங்க. அப்புறம் போலீஸ் கேஸ் ஆகும். இப்ப அது இல்லாம பார்த்துக்கிட்டிருக்கோம்."

"உங்களுக்கு மனசாட்சியே இல்லியா மேடம்?"

மைதானத்தில் டாஸ் போட்டதை மைக்கில் அறிவித்தார்கள். "போட்டி நின்னுபோகாம பார்த்துக்கறதுதான் அண்ணா எனக்குக் கொடுத்த வேலை. ஒரு நாள் முழுக்க எப்படின்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தோம். உங்க தம்பி உள்ளே வந்ததும் தானா எழுந்து நின்னார்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு வழி இருக்கு. இளம் வீரர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப்போறோம். தப்பு செஞ்சு திருந்தின வீரர் ஒருத்தர் பேசணும். அவர் வந்து பேசினா, கொஞ்ச காலம் கழிச்சுத் தடையைக் குறைக்கச் சொல்லி நானே எழுதறேன். சத்தியமா எழுதறேன்" என்றாள்.

விளையாட்டு கோட்டாவுக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாதவனை அவர்கள் எப்படி எடுப்பார்கள்? வயசும் தாண்டிவிட்டது. பர்மனென்ட் என்கிற பேச்சு அந்த வீட்டில் அதோடு ஒழிந்தது. பெல்ட்டில் கூட வேலை செய்கிறவர்கள் நிலவனை "டேய் நோ-பாலு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். சங்கத்துக்குக் கட்டுப்பட்ட மைதானம் எதிலும் அவன் கால் வைக்கக் கூடாது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாவட்டத்தில் உருப்படியான மைதானம் எல்லாமே சங்கத்துக்குக் கட்டுப்பட்டதுதான். முந்திரித் தோப்புக்குள் தனியாகப் போய் மரத்தில் பந்தை எறிந்துகொண்டிருந்தான் பைத்தியக்காரன் மாதிரி.

"திரும்ப ஒருவாட்டி சொல்லணுமா?" என்று கேட்டான், அண்ணன் வந்து பவித்ரா சொன்ன வழியைச் சொன்னபோது.

"பந்து போடணுமா வேணாமா?"

"போடணும்."

"அப்ப சொல்லு" என்றார் நல்லசாமி. சொன்னபோது அவர் நாக்கே அவருக்குக் கசந்தது.

கூட்டம் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாவட்டம் பூராவும் இருந்து வந்த ஆட்டக்காரர்களும் அவர்களைப் பெற்றவர்களும் மண்டபம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சிவசங்கர், சங்கத் தலைவர், ஓரத்தில் பவித்ரா. நிலவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மைக்கைப் பிடித்தான். நல்லசாமி பின்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு வார்த்தை திக்கிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவான் என்றுதான் எதிர்பார்த்தார்.

அவன் திக்கவே இல்லை.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு வெள்ளை கார் வந்து நின்றது என்றான். பின் சீட்டில் இருந்த ஆள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், சிரித்த முகம், 'தம்பி சாப்பிட்டியா' என்றுதான் முதலில் கேட்டான் என்றான். ரெண்டே ரெண்டு பந்து, யாருக்கும் நஷ்டம் இல்லை, உன் டீம் தோற்கக்கூட வேண்டாம் என்று அந்த ஆள் பேசியதை அந்த ஆளின் குரலிலேயே பேசிக் காட்டினான். அங்கே இறங்கி ஓடியிருக்கலாம், ஓடவில்லை என்றான். புது ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதாகவும், அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தபோது கால் தானாகக் கோட்டைத் தாண்டியதாகவும் சொன்னான். "எங்கண்ணன் எனக்கு அப்பா மாதிரி. அன்னிக்கு சாயங்காலம் அவரு மொகத்தப் பாக்க முடியாம யாரோ தட்ட நகத்திட்டாங்கன்னு பொய் சொன்னேன்" என்றான். அங்கே அவன் குரல் உடைந்தது. மண்டபத்தில் பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிவசங்கர் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். பவித்ரா மட்டும் கை தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லசாமிக்குக் காது அடைத்துவிட்டது. அந்த ஷூ நிஜம். ஆட்டத்துக்கு முந்தின வாரம் நிலவன் புது ஷூ வாங்கினான். பண்ருட்டிக்குப் போய்த்தான் வாங்கினான். சாயங்காலம் போனவன் அதைக் காட்ட குவாட்டர்ஸுக்கு வர நேரமானது. கான்ட்ராக்ட் சம்பளத்தில் அந்த ஷூ எப்படி என்று அன்றைக்கே கனகம் கேட்டாள். சேர்த்து வைத்து வாங்கியிருப்பான் என்று இவர்தான் சொன்னார். சே, என்ன நினைப்பு இது என்று தலையை உதறிக்கொண்டார். உதறினால் போகிற நினைப்பாக அது இல்லை. இத்தனை பேர் முன்னால், சாப்பிட்டியா என்று கேட்டது வரைக்கும், ஒருத்தன் இல்லாததை இப்படிச் சொல்ல முடியுமா? அவனுக்குப் பொய்யே வராதே. சின்ன வயசிலிருந்து வராதே.

மண்டபத்தில் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் பைக்கில் கிளம்பினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. நிலவன் பின்னால் உட்கார்ந்து, தடை குறைந்தால் அடுத்த வருஷ லீக்கில் வேறு டீமுக்கு ஆடலாம், கோட்டா போனால் போகட்டும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் கலகலப்பாகப் பேசியது அன்றுதான். நல்லசாமி ம் ம் என்று கேட்டுக்கொண்டு ஓட்டினார். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது அவரை அறியாமல் எதிர்ப்பக்கம் பார்த்தார். கார் நிறுத்துகிற மாதிரி அங்கே இடம் இருந்தது.

ஊரைத் தாண்டி, ரோட்டின் ரெண்டு பக்கமும் முந்திரி மரங்கள் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார்.

"என்னாண்ணா, பெட்ரோலா?"

"இல்ல. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காத."

"கேளு."

"அந்த வெள்ளை காரு... நெசமாவே யாராவது வந்தாங்களாடா?"

கேட்ட வாயை அந்த நிமிஷமே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. நிலவன் வண்டியிலிருந்து இறங்கி எதிரில் வந்து நின்றான். கோபம் எதுவும் அவன் முகத்தில் இல்லை. அண்ணனை முதல்முறையாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"ஊரே கேட்டுச்சி. மேஸ்திரி கேட்டான். பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் கேட்டான். அண்ணிகூட ஒரு நாளு கேட்டுச்சி. நீ ஒருத்தன்தான் கேக்கல" என்றான். "ஊரு உலகம் என்னா வேணா நெனைக்கட்டும், எங்கண்ணனுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினுதான் அவ்வளவு பொய்யும் சொன்னேன். கடைசி வரிசைல நீ உக்காந்துகினு இருந்த. உன்னப் பாத்துக்கினேதான் சொன்னேன்."

"இல்லடா நிலவா, நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"புரியுதுண்ணா. நான்தான் ரொம்ப நல்லா சொல்லிட்டேன் போல."

பின்னால் பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. நிலவன் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினான். டேய், டேய் நில்லுடா என்று நல்லசாமி வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் அவன் ஏறிவிட்டான். நல்லசாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பி, ஹார்னை அடித்துக்கொண்டே பஸ்ஸைத் துரத்தினார். முத்தாண்டிக்குப்பம் நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஒரு கிழவியும் காய்கறி மூட்டையும் இறங்கின. நிலவன் இறங்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் அவன் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.